கரட்டிலும் மலையிலும் பாம்பு, ஓணான் தேடிப் படம் எடுத்தல்: சேலம் பகுதிக்கு ஒரு வழிகாட்டி

பாலைவனத்துப் பாம்புகளையும் பல்லிகளையும் படம் எடுக்கும் ஆசையில் ராஜஸ்தானத்துக்கு ரயில் சீட்டு எடுக்க நினைக்கும் நண்பர்களிடம், அதற்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில் கஞ்சமலை அடிவாரத்திலோ ஜருகுமலைப் பக்கத்துக் கரடுகளிலோ (பாறை நிறைந்த சிறு குன்றுகளிலோ) நடந்து பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். தார்ப் பாலையின் முள்வால் பல்லி இங்கே கிடையாது; அதைக் காண அங்கேதான் போக வேண்டும். ஆனால் அந்தப் பாலையில் வாழும் சுருட்டை விரியன், இருதலை மணியன், உடும்பு ஆகிய மூன்றும் சேலத்தின் வறண்ட புதர்க்காட்டிலும் வாழ்கின்றன. பழந்தமிழ் மரபு பாலைக்கென்று தனியாக ஒரு நிலத்தை வகுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலையையே பாலை என்றது. சித்திரை மாதத்தில், புல் கருகி, வேலமரத்து நிழல் கூட இல்லாமல் கிடக்கும் ஒரு கரட்டின்மேல் நின்று பார்த்தால் அந்த வகுப்பு எவ்வளவு சரியானது என்பது புரியும்.

தொடங்கும் முன் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் நுழைவது குற்றம். அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்பதே முறை. உடும்பும் மலைப்பாம்பும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பது, துரத்துவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே தண்டனைக்குரியவை. மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைக் குவியல்கள் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை குத்தகை நிலங்கள். வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இவை எதுவும் தேவையும் இல்லை. ஊர்ப் புறம்போக்கு, மேய்ச்சல் கரடு, ஏரிக்கரை, தெரிந்தவர்களின் மானாவாரிக் காடு ஆகியவையே ஓராண்டுக்குப் போதும்.

வெயிலைக் கணக்கிட்டுத் தேடுதல்

ஊர்வன தம் உடல் வெப்பத்தை வெளியிலிருந்து பெறுபவை. எந்த நேரத்தில் எந்தக் கல் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கணிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அவை கண்ணில் படும். கற்றுக்கொள்ளாதவர் நாள் முழுவதும் நடந்தாலும் காலில் முள் மட்டுமே ஏறும். தை, மாசி மாதங்களில் கரட்டின் கிழக்கு முகத்தில் வெயில் விழுந்து அரை மணி நேரம் கழித்து ஓணான்கள் கல்லின்மேல் வந்து படுக்கின்றன. பத்து மணி வரையிலும் அவற்றைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையை நெருங்கும்போது ஒன்பது மணிக்கே அவை இடுக்குகளுக்குள் போய்விடும்; மீண்டும் மாலை ஐந்து மணிக்குமேல்தான் வெளியே வரும். பாம்புகளுக்குக் கணக்கு வேறு. கோடை மழை பெய்த அடுத்த இரண்டு இரவுகளும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதத்து முன்னிரவுகளும் தேடுவதற்கு ஏற்றவை.

நிலத்தில் கவனிக்க வேண்டியவை பல. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் பெரிய உருண்டைக் கற்கள், வயல் ஓரத்துக் கல்லுக்கட்டு, கற்றாழைப் புதரின் அடி, கைவிடப்பட்ட கரையான் புற்று, தூர்ந்த கிணற்றின் மேடு, மணல் மட்டும் எஞ்சிய ஓடை ஆகியவற்றை முதலில் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். இருபது மீட்டருக்கு அப்பால் நின்று, எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியால் ஒவ்வொரு கல்லின் உச்சியையும் ஓரத்தையும் பத்து நிமிடம் நிதானமாகப் பார்ப்பது, ஒரு மணி நேரம் நடந்து தேடுவதைவிட அதிகப் பலன் தரும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல்லின் விளிம்பில் கல்லுக்குச் சேராத ஒரு மேடு தெரிந்தால், அது பெரும்பாலும் பாறை ஓணானின் தலை.

அதன்பின் நடக்கத் தொடங்கலாம். ஐந்தடி வைத்து நிற்பதும், அடுத்த அடி வைக்கும் இடத்தைப் பார்த்த பிறகே காலைத் தூக்குவதும் பழக்கமாக வேண்டும். காதும் வேலை செய்ய வேண்டும். சருகில் ஓடி நின்று, மீண்டும் ஓடி நிற்கும் சலசலப்பு பெரும்பாலும் அரணை. நிற்காமல் ஒரே சீராக இழுபடும் ஓசை பாம்பாக இருக்கலாம். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைச் சுற்றிக்கொண்டு விடாமல் கத்தினால், அங்கே பாம்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஓடை மணலில் தடங்களைப் படிக்கலாம்: நடுவில் வால் இழுத்த கோடும் இருபுறமும் நகக்கீறல்களும் உடும்பினுடையவை, ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக, துண்டுதுண்டாகக் கிடக்கும் வளைகோடுகள் சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்து சென்றதன் அடையாளம்.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது ஆடு மேய்ப்பவர்களின் சொல். பையையும் கேமராவையும் இறக்கி வைத்துவிட்டு, வணக்கம் சொல்லி, எதற்காக வந்திருக்கிறோம் என்பதை விளக்கிக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். "சுருட்டைங்களா கண்ணு? மழ பேஞ்ச மறுநா ராத்திரி அந்தக் கல்லுக்கட்டு ஓரமா வந்து பாருங்க, காலு மட்டும் பத்திரம்" என்று ஒரு பெரியவர் சொன்ன இடத்தில்தான் என் முதல் சுருட்டை விரியனைப் பார்த்தேன். ஓணானை இங்கே ஓடக்கான் என்றுதான் பலர் சொல்வார்கள். அந்தச் சொல்லிலேயே கேட்பது நல்லது.

கல்லைப் புரட்டலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கூடாது என்பதே என் விடை. அதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கரட்டில் தட்டையான கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கீழே ஒன்றும் இல்லை என்று எண்ணி, அதைத் திரும்ப வைக்காமல் போய்விட்டேன். அடுத்த வாரம் அதே வழியில் சென்றபோது, அந்த இடத்து ஈரமண் வெளுத்து வெடித்திருந்தது. வெடிப்பில் நான்கு சிறு முட்டைகள் தோல் சுருங்கிக் காய்ந்து கிடந்தன. மேல்மண்ணுக்கு அடியில் இருந்ததால் அன்று அவை என் கண்ணில் படவில்லை. கல்லின் அடியில் இருக்கும் ஈரமும் குளிர்ச்சியும் பல கோடைகளாக அந்தக் கல் அசையாமல் கிடந்ததால் உண்டானவை; ஒரு நொடியில் அவை போய்விடும். அன்று முதல் நான் கல்லைத் தொடுவதில்லை. என்னுடன் வருபவர்களையும் தொட விடுவதில்லை.

இரவில் செல்லும்போது துணையில்லாமல் போக வேண்டாம். கணுக்காலுக்குமேல் வரும் தோல் காலணி, தடித்த துணியில் முழுக்கால் சட்டை, ஒருவருக்கு இரண்டு டார்ச்சு ஆகியவை கட்டாயம். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் பல்லிகளின் கண்கள் திரும்பி ஒளிரும். சிலந்திக் கண்களும் ஒளிரும். ஆனால் அவை ஊசிமுனை போலச் சிறியவை. பச்சோந்தியைத் தேட இரவே நல்ல நேரம். பகலில் இலையோடு இலையாகக் கலந்திருக்கும் அது, இரவில் கிளை நுனியில் நிறம் வெளிறித் தூங்குவதால், டார்ச்சு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். தூங்கும் விலங்கின்மேல் வெளிச்சத்தை நீண்ட நேரம் பிடித்திருக்காமல், இரண்டு மூன்று படங்களோடு நகர்ந்துவிட வேண்டும்.

ஓணான்களைப் படம் எடுத்தல்

புதியவர்கள் ஓணானில் தொடங்குவதே சரி. 300 மி.மீ. அல்லது 100-400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நான்கைந்து மீட்டர் தள்ளியிருந்தே நல்ல படம் கிடைக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் விலங்கு தரையில் ஒட்டிய கறை போலத் தெரியும். வயிற்றில் படுத்து, லென்ஸை அதன் கண்ணுக்கு நேர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். படுக்கும் இடத்தை முதலில் கோலால் தட்டிப் பார்த்துக்கொள்வது அவசியம். நேராக நடந்து நெருங்கினால் ஓடிவிடும். குறுக்குவாட்டில், அதைப் பார்க்காதது போல, வளைந்து வளைந்து நெருங்கினால் பெரும்பாலும் இருக்கும். அது தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் நம்மைக் கவனித்துவிட்டது என்று பொருள். அங்கேயே நின்று, அது அமைதியான பிறகு தொடர வேண்டும்.

ஃபோகஸ் கண்ணின்மேல் இருக்க வேண்டும். வால் மங்கினாலும் குற்றமில்லை. எஃப் 8 துளையும் 1/1000 நொடி ஷட்டர் வேகமும் காலை வெயிலில் எளிதாகக் கிடைக்கும். நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்னும் கருநிறக் கல். அதை முழுச் சட்டகத்திலும் பார்க்கும் கேமரா, காட்சி இருட்டாக இருப்பதாக எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஓணானின் செந்நிறம் வெளுத்துப் போகும். அங்கே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் அளவு). மேக்னசைட் கலந்த வெண்ணிற நிலத்தில் இதற்கு நேர்மாறாக, ஒரு முழு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். இன்னொன்றையும் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்: லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சும் அளவுக்குப் படங்கள் மங்கலாக வருவது ஏன்? காலை பத்து மணிக்குமேல் பாறையிலிருந்து எழும் கானல் அலைகளே காரணம். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. அந்த நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் குறிப்பு எழுதலாம்.

ஆண் பாறை ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் செம்மையும் கருமையுமாக மாறும். எதிரே வருவது இன்னொரு ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்து அதன் நிறம் சில நொடிகளிலேயே மாறுவதை நம் கண்ணால் காணலாம். ஒரே ஓணானுக்கு எதிரில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருந்தால், பத்து கரடு ஏறி இறங்கினாலும் கிடைக்காத படங்கள் கிடைக்கும். விசிறித் தொண்டை ஓணானும் அப்படித்தான். வெட்டவெளி மண்ணில், முழங்கால் உயரம் கூட இல்லாத ஒரு கல்லின்மேல் ஆண் ஏறி நின்று, தொண்டைப் பையை விசிறி போல விரித்து மடக்கும். இவ்வகையில் தமிழ்நாட்டில் வாழும் ஓரினத்துக்கு, 2016-இல் ஆய்வாளர்கள் அதை விவரித்தபோது, பனையோலை விசிறியை நினைத்து 'விசிறி' என்ற தமிழ்ச் சொல்லையே அறிவியல் பெயரில் வைத்தார்கள். வெயில் அதன் பின்னாலிருந்து விழும்படி நம் இடத்தை அமைத்துக்கொண்டால், விரிந்த தோல் விளக்கு போல ஒளிரும். விரியும் நேரம் மிகக் குறைவு. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் முறையில் கேமராவை வைத்து, 1/2000 நொடியில் காத்திருக்க வேண்டும்.

பாம்புக்கண் பல்லி என்று நான் அழைக்கும் சிறு பல்லி ஒன்று புல் தரைகளில் ஓடித் திரியும். அதன் கீழிமை கண்ணாடி போல ஒளி ஊடுருவும் படலமாகிக் கண்ணோடு ஒட்டியிருப்பதால் அது இமைப்பதில்லை. இதற்கு, சிறியவற்றை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஏற்றது. கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்கள் இரண்டு, மூன்று மடங்கு டெலிஃபோட்டோ கேமராவைப் பயன்படுத்தலாம். கைப்பேசியைக் கையில் நீட்டிக்கொண்டு நெருங்கும் பழக்கம், பிறகு பாம்புக்கு முன்னாலும் தானாக வந்துவிடும் என்பதால் ஓணானிடமே அதைத் தவிர்க்க வேண்டும்.

பாம்புகளைப் படம் எடுத்தல்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் சேலம் மாவட்டத்தில் உண்டு. பாம்பின் முழு நீளத்துக்கும் குறையாத தூரம், எப்படியும் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்பது என்ற விதியை நான் எந்தப் பாம்புக்காகவும் தளர்த்துவதில்லை. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் முழு உருப்பெருக்கம் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 30 செ.மீ. நெருங்க வேண்டும், ஆகவே நஞ்சுள்ள பாம்புக்கு அந்த லென்ஸ் பொருந்தாது. ஓணானுக்கு எடுத்துச் சென்ற டெலிஃபோட்டோவையே பயன்படுத்தலாம். வெள்ளைப் பட்டைகளுடன் கருத்த பாம்பைக் கண்டால், அது நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு என்று உறுதியாகத் தோன்றினாலும், கட்டுவிரியன் என்றே கருதி நடந்துகொள்ள வேண்டும்.

சுருட்டை விரியன் ஒரு முழ நீளம் கூட இல்லாமல் இருக்கும், அதனால்தான் மிதிபடுகிறது. அது உடலை வளையமாகச் சுருட்டி, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, சூடான சட்டியில் நீர் தெளித்தது போன்ற ஓசை எழுப்பினால், நாம் அளவுக்குமீறி நெருங்கிவிட்டோம் என்று அது சொல்கிறது. அந்தத் தோற்றம் படத்தில் கம்பீரமாக இருக்கும் என்பதற்காகச் சிலர் கோலால் சீண்டுகிறார்கள். அஞ்சி நிற்கும் விலங்கின் படம் அது. எனக்கு அதில் மதிப்பில்லை. பாம்பைப் பெட்டியில் போட்டுக் குளிரூட்டி அசையாமல் வைத்துப் படம் எடுக்கும் கொடுமையைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி எடுத்த படங்களில் பாம்பின் உடல் தளர்ந்து, தலை தரையில் சாய்ந்து கிடப்பதை அனுபவமுள்ள கண் உடனே கண்டுகொள்ளும்.

சீண்டாமலே எல்லாம் கிடைக்கும், பொறுமை இருந்தால். நாக்கை நீட்டிய படம் வேண்டுமானால், பாம்பு தன் போக்கில் நகரும் பாதைக்குப் பக்கவாட்டில், போதிய தூரத்தில் அமர வேண்டும். புது மணம் பட்டதும் அது தானாகவே நாக்கை நீட்டும். பச்சைப் பாம்பு தன் நிறத்தை நம்பி அசையாமல் இருக்கும் இயல்புடையது. அதன் கிடைமட்டக் கண்மணி தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுக்கலாம். கண்ணைக் கொத்தும் என்ற பயத்தினாலேயே அது அடித்துக் கொல்லப்படுகிறது. கடித்தவனின் சிதைப்புகையைப் பார்க்க மரமேறும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறி மூக்கனோ நஞ்சே இல்லாதது. இவற்றின் நல்ல படங்களை ஊர்ப் பள்ளிகளில் காட்டிப் பேசியபோது பிள்ளைகளின் முகத்தில் கண்ட வியப்பு, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி.

நெருங்கி எடுத்த ஒரு படத்துக்குப் பின், சற்று அகலமான லென்ஸால் விலங்கு சிறியதாகவும் கரடு பெரியதாகவும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். அந்த விலங்கு எங்கே எப்படி வாழ்கிறது என்பதை அந்தப் படமே சொல்லும். ஃபிளாஷ் தேவைப்பட்டால் வெள்ளைத் துணியோ தாளோ கொண்டு வெளிச்சத்தை மென்மையாக்குங்கள்.

மலைமேல்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடையும்போது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்போம். வளைவுகளுக்கிடையே வெப்பம் குறைந்துகொண்டே வர, ஊர்வனவும் மாறிக்கொண்டே வரும். மூங்கில் தூறுகள் உள்ள சரிவுகளில் மூங்கில் குழிவிரியன் இலைகளோடு இலையாக இருக்கும். தூறில் கை வைக்காதீர்கள். மேலே உள்ளவை வேறெங்கும் எளிதில் காண முடியாத செல்வங்கள். பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863-இல் இந்த மலையிலிருந்து விவரித்த கேடய வால் பாம்பு, காபித் தோட்டத்து ஈரமண்ணுக்குள் மண்புழுக்களைத் தின்று வாழ்கிறது; மழைக்குப்பின் சாலையில் ஊர்ந்து வந்து சக்கரங்களில் நசுங்குகிறது. அவரே 1870-இல் இங்கிருந்து விவரித்த மெல்லிய சிறு பல்லியும் உண்டு. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய பகல் பல்லி 2000-ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் கண்மணி வட்டமாக இருக்கும். பாறைச் சுவர்களின் நிழற்பகுதியைப் பகலில் மெதுவாகப் பார்த்துச் சென்றால் இப்படிப்பட்ட பல்லிகளைக் காணலாம். தோட்டங்கள் தனியாருடையவை, மேலாளரிடம் கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும்.

கடித்துவிட்டால்

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கடிகாரம், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, 108-ஐ அழைக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பது எதுவும் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமல் இருக்கலாம். அப்போதும் உடனே செல்ல வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கானது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை 1978 முதல் சென்னையை அடுத்து இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தந்து வந்திருக்கிறது. மூங்கில் குழிவிரியனுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. மருத்துவர் வேறு சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும். பாம்பை அடித்து எடுத்துச் செல்லவே வேண்டாம். தொலைவிலிருந்து ஏற்கெனவே எடுத்த படம் கேமராவில் இருந்தால் அதைக் காட்டுங்கள்.

வீடு திரும்பியபின்

ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், தோராயமான உயரம், கல்லா மண்ணா மரமா என்ற விவரம், முந்தைய நாள் மழை பெய்ததா என்பவற்றை அன்றிரவே குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பேடு, எந்த வாரத்தில் எந்தக் கரட்டுக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கே சொல்லும்.

ஆனால் இடத்தின் பெயரைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். இருதலை மணியன் வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற பொய்யை நம்பி அதைப் பெருந்தொகைக்கு விற்கும் கடத்தல் கும்பல்கள் இருக்கின்றன; உடும்பை இறைச்சிக்காகத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசிப் படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகே அதை அனுப்ப வேண்டும். பின்னணியில் கோயில் கோபுரமோ செல்பேசிக் கோபுரமோ தெரிந்தால், இடத்தை அறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் படத்தை உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் 'சேலம் மாவட்டம்' என்று மட்டும் சொல்லுங்கள்.